யாரோ தந்த ஜவ்வு

என்னங்க, நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

முழங்காலில் வெறும் சுளுக்கு என்று நான் சொன்னது பொய். போன வருஷம் இங்கே வேலை பார்க்கும் வீட்டில் மாடிப்படி துடைக்கும்போது வழுக்கி ஜவ்வு அறுந்துவிட்டது. சொன்னால் உடனே கிளம்பி வா என்பீர்கள் என்று மறைத்தேன். நாள்பட்டதால் தைக்க முடியவில்லை. போன மாதம் ஆபரேஷன் செய்து, இறந்த ஒருவரிடமிருந்து தானமாக வந்த ஜவ்வை வைத்தார்கள்.

“யாரோடது டாக்டர்?”

“அதைச் சொல்லக் கூடாதும்மா. நல்லா நடங்க, போதும்.”

இத்தனை நாள் தூக்க முடியாத காலை நேற்று நேராகத் தூக்கிவிட்டேன். சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்தேன். ஜவ்வு தந்தவர் வீட்டில் இன்னும் அழுவார்களே என்று தோன்றியதும் கூசிப்போனேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. உங்களிடமாவது கேட்கிறேன்.

காலுக்கு அடியில் அண்டையாக வைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.

உங்கள் பொய்க்காரி