நோட்டில் எழுதிய சோறு

நன்னிலம்,
ஜனவரி 4

அன்பு மகன் ஃபாஜிலுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. பாதி நலம் என்று வைத்துக்கொள், மீதியைப் படித்துத் தெரிந்துகொள்.

பக்கத்து வீட்டு சஃபியா மகன் அஸார் லீவு முடிந்து ஷார்ஜா திரும்புகிறான். நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன், அந்தப் பையிலேயே இந்தக் கடிதமும் இருக்கிறது. ஃபோனில் பேசினால் என்ன என்பாய். ஃபோன் அடித்ததும் உன் அத்தா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது?

நீ பணம் கட்டிய, அரிசியும் மாவும் இல்லாத கீட்டோ சாப்பாட்டுப் பெட்டி வாரம் இரண்டு தடவை வருகிறது. ஐஸ் கட்டி வைத்து, மூன்று வேளைக்கும் தனித்தனியாக. சூடு பண்ணி வைப்பதுதான் என் வேலை. பன்னீர், முட்டை, கோழி, எல்லாவற்றிலும் வெண்ணெய். ஒரு டப்பாவில் சோறு என்று எழுதியிருந்தது. திறந்தால் காலிஃப்ளவரைத் துருவி வைத்திருக்கிறான். நாற்பது வருடமாக அரிசி மண்டி வைத்திருக்கிற மனிதருக்கு அது சோறாம். நான் சிரித்ததற்கு ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை.

உன் அத்தா ஒரு பருக்கை தொடுவதில்லை. மண்டிக்குச் சாம்பிள் வந்தால் நாலு அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தானே விலை சொல்வார்? இப்போது கணக்கர் துரைராசுவைக் கடிக்கச் சொல்கிறார். துரைராசுவுக்குப் பல் கூச்சம். அவர் முகத்தைப் பார்த்து இவர் விலை சொல்கிறார். மண்டியே சிரிக்கிறது.

எடை நூற்றேழுக்கு வந்துவிட்டது. மே மாதம் ஹஜ்ஜுக்குக் கிளம்புவதற்குள் தொண்ணூறு ஆகிவிடும், கஅபாவைச் சுற்றும் தவாஃபைச் சக்கர நாற்காலி இல்லாமல் என் காலால் சுற்றுவேன் என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் கண் நிறைந்துவிடுகிறது. அதனால்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. நவம்பரிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மலர்க்கொடியிடம் உணவு ஆலோசனைக்குப் போகிறோம் இல்லையா? நம் மண்டியில் இருபது வருடம் மூட்டை தூக்கிய கீழ்வேளூர் மருதையனின் மகள். நீயும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், நினைவிருக்கும். நல்ல பெண். முதல் நாளே அவர் சர்க்கரை வியாதிக்குப் போடுகிற மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள். இது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிற மாத்திரை, சோற்றைக் குறைங்க, சுத்தமா நிறுத்திடாதீங்க, நிறுத்துறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க, டாக்டர் மாத்திரையை மாத்திக் குடுப்பாங்க என்று இரண்டு முறை சொன்னாள். ஒரு நோட்டும் கொடுத்தாள். தினமும் என்ன சாப்பிட்டார் என்று அதில் எழுதிக் காட்ட வேண்டும். அவள் சொன்னபடி சாப்பிட்டு முதல் மாதம் இரண்டு கிலோதான் குறைந்தது. அவருக்குப் பொறுமை இல்லை. நீ பெட்டி அனுப்பினாய்.

பெட்டி விஷயம் அவளுக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்றேன். உன் அத்தா சொன்னது இது: "மூட்டை தூக்கினவன் பொண்ணு படிச்சு, அந்த நாற்காலியில உக்காந்து நமக்குச் சொல்லுது. அதுக்கிட்டப் போயி, உன் திட்டம் வேணாம், பையன் பெட்டி அனுப்பிட்டான்னு சொன்னா அது மனசு என்ன ஆகும்?" போகாமல் நின்றாலும் அவளுக்கு வருத்தமாம். அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போகிறோம், அவள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறோம்.

நீ சொன்னால் கேட்பார். பெட்டியைப் பற்றி மலர்க்கொடியிடம் சொல்லிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை நீயே சொல்லிவிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

துஆவோடு,
அம்மா ஹபீபுன்னிசா

*

நன்னிலம்,
பிப்ரவரி 9

ஃபாஜிலுக்கு அம்மாவின் ஸலாம். ஊறுகாய் நன்றாக இருந்தது என்று சொன்னாய், கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறந்திருப்பாய். இந்த முறை சஃபியா மருமகன் வருகிறார், அவரிடம் இன்னொரு ஊறுகாய்ப் பையில் வைத்துக் கொடுக்கிறேன். பொறுமையாக உட்கார்ந்து படி.

இங்கே அறுப்பு நடக்கிறது. ரோடு முழுக்க நெல்லைக் காயப் போட்டிருக்கிறார்கள். உன் அத்தா எடை தொண்ணூற்றெட்டு. பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை போட்டாயிற்று. பள்ளிவாசலில் எல்லோரும் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்களாம். இவரும் உன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறார். ஷார்ஜாவுல இருந்து எம்புள்ள எனக்குச் சோறு போடுறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எனக்குத்தான் பயமாக இருக்கிறது. சொல்வதற்குச் சின்னச் சின்ன விஷயம்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார். மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார். நேற்றுக் காலையில் வாந்தி எடுத்தார், வெண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். வீட்டில் குத்திப் பார்க்கிற மெஷினில் சர்க்கரை சரியாகத்தான் காட்டுகிறது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுகிறார்.

இன்னொன்று. அவர் மூச்சில் பழவாசனை அடிக்கிறது. நன்றாகப் பழுத்துக் கனிந்த பழத்தின் வாசனை. திருட்டுத்தனமாகப் பலாச்சுளை வாங்கித் தின்கிறார் என்று நினைத்து மண்டி மேஜை டிராயரைக்கூடத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அல்லாஹ் மீது ஆணையாக ஒரு சுளை தொடவில்லை என்றார். நான் நம்பவில்லை. இரண்டு நாள் பேச்சு இல்லை. இந்தக் காலத்தில் பலா எங்கே கிடைக்கிறது என்று மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

இப்போது எழுதப்போவதை அத்தாவிடம் சொல்லாதே. அந்த நோட்டை எழுதுவது நான். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, கீரை, மீன் இரண்டு துண்டு, இரவு சப்பாத்தி இரண்டு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு அவர் சொல்லாமலே எழுதப் பழகிவிட்டேன். எந்த நாளும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று நடுவில் ஒரு நாள் பிரியாணி என்று எழுதி, மலர்க்கொடியிடம் செல்லமாகத் திட்டுகூட வாங்கினோம். அவள் ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறாள். அதைப் பார்க்கும்போது என் கை கூசுகிறது.

போன வாரம் அவள் எடையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், மறுபடி எடையைப் பார்த்தாள். "இதச் சாப்பிட்டா இவ்வளவு எறங்காதே அம்மா" என்றாள். கேட்டது என்னைத்தான். நான் ஃபேனைப் பார்த்தேன். உன் அத்தா, தினம் நடக்கிறேம்மா என்று சொல்லிச் சிரித்தார். நோன்பு வருதே, பிடிக்கிறதா இருந்தா டாக்டர்கிட்டக் கேட்டு மாத்திரையைச் சரி பண்ணிக்கணும், விடியறதுக்கு முன்ன ஸஹருக்குக் கண்டிப்பா சோறோ சப்பாத்தியோ சாப்பிடணும் என்றாள். சரிம்மா, சரிம்மா என்று எழுந்து வந்துவிட்டார். டாக்டரிடம் போகவில்லை. நோன்புக்கென்று தனிப் பெட்டி அந்தக் கம்பெனி விற்கிறதாமே, நீ அதற்கும் சொல்லிவிட்டாயாமே.

என் வாயால் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நீ சொல். பெட்டி உன் கையிலிருந்து வருகிறது. உன் வார்த்தை என்று நினைத்துத்தான் அவர் அதைச் சாப்பிடுகிறார். நிறுத்துங்கள் அத்தா என்று நீ சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுவார். நோன்பு தொடங்குவதற்குள் சொல்லிவிடு.

உனக்காக ஐந்து வேளையும் கையேந்தும்,
அம்மா

*

தஞ்சாவூர்,
மார்ச் 2

ஃபாஜில், இதை ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தங்கை அனீஸா படம் எடுத்து உன் ஃபோனுக்கு அனுப்புவாள். ஃபோனில் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், சொல்ல வந்தது நின்றுவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

உன் அத்தா இன்னும் கண் திறக்கவில்லை. மூச்சுக்கு ஒரு மெஷின், சிறுநீரகத்துக்கு ஒரு மெஷின். டாக்டர்கள் எங்களிடம் பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

அனீஸா உன்னிடம் பாதிதான் சொன்னாள், அவளுக்குத் தெரிந்ததும் பாதிதான். வெள்ளிக்கிழமை, ஒன்பதாவது நோன்பு. சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் மண்டியில் மூட்டை மேல் சாய்ந்து வயிறு வலிக்கிறது என்றாராம். ஓடி வந்தவரைப் போல மூச்சு. துரைராசு காரில் போட்டு, வழியில் எங்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார். இங்கே பார்த்த டாக்டர், சர்க்கரை பெரிதாக ஏறவில்லை, நோன்புக் களைப்பும் வயிற்றுக் கோளாறும் என்று நினைத்தார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அனீஸா என் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஸஹருக்குச் சோறு, பருப்பு, வாழைப்பழம் என்று அன்றைய பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது. டாக்டர் படித்துவிட்டுத் தலையாட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது உன் அத்தா என் கையைப் பிடித்து, "பெட்டியைப் பத்திச் சொல்லிடாதே, ஃபாஜில் மனசு ஒடிஞ்சிடுவான்" என்றார். அவர் கடைசியாகப் பேசியது அது. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

இரவு முழுக்க அப்படியே போயிற்று. மறுநாள் காலையில் மலர்க்கொடி வேலைக்கு வந்தவள், பெயரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அவர் முகத்துக்குக் கிட்டே குனிந்தாள். நிமிர்ந்தவள் என்னை வெளியே அழைத்துப் போய், "அம்மா, நெசமா என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் டாக்டரிடம் சொல்லத் திரும்பி ஓடினாள். அந்தப் பழவாசனை பழத்தின் வாசனை இல்லையாம். அந்த மாத்திரையும் போட்டு, சோறும் இல்லாமல், பட்டினியும் கிடந்தால், சர்க்கரை ஏறாமலே ரத்தம் புளித்துப்போகுமாம். பிப்ரவரியிலேயே தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். நான் மேஜை டிராயரில் பலாச்சுளை தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது நீ செய்ததற்கு வருகிறேன். மலர்க்கொடிதான் என் தகப்பனைக் கெடுத்தாள் என்று ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதியிருக்கிறாய். அனீஸா படித்துக் காட்டினாள். அவள் கொடுத்த திட்டப்படியே அத்தா சாப்பிட்டார், நோட்டே அதற்குச் சாட்சி என்று எழுதியிருக்கிறாய். போதாததற்கு ஃபோனில், மூட்டை தூக்குறவன் பொண்ணை எல்லாம் நாற்காலியில உக்கார வச்சா இப்படித்தான் என்றும் சொன்னாய். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது, ஃபாஜில். மருதையன் வராண்டாக் கோடியில் நின்றுகொண்டிருந்தார். உன் அத்தாவைப் பார்க்க கீழ்வேளூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கேட்டதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மலர்க்கொடியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. நான் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஃப்ரீசரிலிருந்த பெட்டிகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். பெட்டி வாங்கினீங்கங்கறதுக்கு இது சாட்சி, அதத்தான் சாப்பிட்டாங்கங்கறதுக்கு எது சாட்சி, நோட்டும் உங்க எழுத்து, இப்ப சொல்றதும் நீங்க, எதை நம்புறது என்றார். கெட்டவர் இல்லை. அவர் கேட்டது நியாயம்தான். ஒவ்வொரு பக்கத்திலும் நான் எழுதிய பொய்க்குக் கீழே அந்தப் பெண்ணின் பச்சைக் கையெழுத்து இருக்கிறது.

ஒன்றை யோசித்துப் பார்த்தேன். வேறு யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் உன் அத்தா பெட்டியை முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார், சண்டைகூடப் போட்டிருப்பார். மருதையன் மகள் என்பதால், உண்மையைச் சொல்லாமல் இருப்பதே அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்தார். நானும் நினைத்தேன். அந்த மரியாதைதான் இப்போது அவள் வேலையைத் தின்கிறது, அவரையும் தின்கிறது.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி நான் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெட்டி, நோட்டு, பழவாசனை, அவள் சொன்ன எச்சரிக்கை, எல்லாம் அதில் இருக்கிறது. இதெல்லாம் நடப்பதற்கு முன்னால் எழுதியது, அதே கையெழுத்து. படித்தாயா என்று கேட்டபோது, படிச்சேம்மா, எல்லாம் சரியாயிடும் என்றாய். படித்திருந்தால் இந்தப் புகாரை உன்னால் எழுத முடியாது. படிக்கவில்லை என்றால் என்னிடம் பொய் சொன்னாய். படித்துவிட்டும் எழுதினாயோ என்று ஒரு நினைப்பு வருகிறது, அதை வந்த வழியே அனுப்பிவிடுகிறேன். இதில் எது என்று நான் கேட்கப்போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

அந்தக் கடிதத்தைத் தேடி எடு. ஊறுகாய்ப் பையில் இருக்கும். முதல் கடிதமும் முந்தின பையில்தான் கிடக்கும். இரண்டையும் படம் எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. பெட்டியை அனுப்பியது நான்தான் என்று உன் கையால் எழுது, புகாரைத் திரும்ப வாங்கு. வியாழக்கிழமைக்குள் செய். நீ நல்லது நினைத்துத்தான் அனுப்பினாய் என்று உலகத்துக்கே நான் சொல்வேன். சொல்லாமல் மறைத்தது நானும் அவரும். ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் அதை இறக்கி வைக்க நம் மூன்று பேரில் யாருக்கும் உரிமை இல்லை.

இன்று காலையும் பெட்டி வந்ததாம், சஃபியா வாங்கி வைத்திருக்கிறாள். நிறுத்தச் சொல்லி அனீஸா அந்தக் கம்பெனிக்கு ஃபோன் பண்ணினாள். பணம் கட்டியவர் நம்பரிலிருந்துதான் நிறுத்த முடியுமாம். அதையும் நீதான் செய்ய வேண்டும்.

பெருநாளுக்கு லீவு கிடைக்காது என்று சொன்னாய். டாக்டர் இன்று என்னிடம், உங்கள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எத்தனை மணி நேரத்தில் வர முடியும் என்று கேட்டார். கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன்.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே விடுகிறார்கள். அப்போதெல்லாம் அவர் காதில், ஃபாஜில் எழுதிவிட்டான், மருதையன் மகள் வேலைக்கு வந்துவிட்டாள் என்று சொல்கிறேன். அதுவும் பொய்தான். எனக்குப் பொய் எழுதி எழுதிப் பழக்கமாகிவிட்டது. அவருக்குக் காது கேட்கிறபோதே இந்த ஒன்றையாவது மெய்யாக்கிக் கொடு மகனே. அல்லாஹ் உன் கைக்கு அந்த வலுவைத் தரட்டும்.

காத்திருக்கும்,
உன் அம்மா ஹபீபுன்னிசா