பாதியில் நின்ற வரிகள்

என் அன்பு மச்சான் இராமையாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. புளத்கொகுபிட்டியப் பக்கம் மழை விட்டு, ரப்பர்ப் பால் வெட்டு ஒழுங்காக நடக்கிறது. உங்கள் மனைவி, என் தங்கை மங்களம், சுகமாக இருக்கிறாள். உங்களிடம் ஒரு தவறை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன். அது உங்களுக்கு முன்பே தெரியும் என்பதுதான் எனக்கு வெட்கம்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையால் நீங்கள் கொப்பியில் எழுதிய கதைகளை, தோட்டத்து ஒபிஸில் கிளாக்கராக இருந்த நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். அச்சுப் புத்தகம் வேண்டாம் என்றீர்கள். "நம்ம ஆளுங்க வீட்டுல அலுமாரி இல்ல மச்சான், கையில போன் இருக்கு. அதுலயே படிக்கட்டும்." நாமே மின்னூலாக்கி, நாமே இணையத்தில் போட்டோம். அந்தத் துணிச்சல் எனக்கு ஏழு பிறவியிலும் வராது.

கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு வரியும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அதோடு திருப்திப்பட்டேன். என்னிடம் அப்போது பட்டன் போன்தான்; அதில் புத்தகம் திறக்காது.

உங்கள் கருமாதியன்று, உங்களோடு பால் வெட்டிய செல்லம்மா தன் போனில் உங்கள் புத்தகத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"கிளாக்கரய்யா, வரி ஏன் பாதியில நிக்குதுன்னு அவருகிட்டயே கேட்டோம்."

"என்ன சொன்னாரு?"

"'நான்தான் அப்படி எழுதினேன். பால் சொட்டு சொட்டாத்தானே விழும், நீங்களும் நின்னு நின்னு படிங்க'ன்னாரு. எழுத்தாளருங்க பாணி போலன்னு இருந்துட்டோம்."

வாங்கிப் பார்த்தேன். ஒரு வரி நிறைய, அடுத்த வரியில் இரண்டே சொல், பிறகு வெற்றிடம். புத்தகம் முழுவதும் அப்படியே.

காரணம் உடனே விளங்கியது. என் கை டைப்ரைட்டரில் பழகிய கை. அதில் வரி முடியும்போது மணி அடிக்கும். கைப்பிடியைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரில் மணி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரி முடிவிலும் என் விரல் என்டரைத் தட்டியிருக்கிறது. போனில் சொற்கள் திரையின் அகலத்துக்குத் தாமே மடியும். நான் தட்டிய இடங்களோ முறிந்தே நின்றன.

எத்தனை பேர் உங்களிடம் கேட்டிருப்பார்கள்? ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே. சொன்னால் இனி ஒரு எழுத்தும் அடிக்கமாட்டேன் என்று நினைத்தீர்களா? நினைத்தது சரிதான். அதற்காக என் பிழையை உங்கள் பெயரில் ஏற்றுக்கொண்டீர்கள்.

எல்லா முறிவையும் ஒரே தட்டலில் நீக்கலாம் என்றார் ருவான்வெல்லையில் போன் கடை வைத்திருக்கும், நாம் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன். செய்து பார்த்தேன். நீங்கள் பிரித்த பத்திகளும் ஒட்டிக்கொண்டு, ஒரு கதையில் கங்காணியின் அதட்டலும் அதற்குப் பால் வெட்டும் பெண் சொல்லும் பதிலும் ஒரே பேச்சாகிவிட்டன. பிறகு கொப்பியைப் பக்கத்தில் வைத்து, தினமும் காலையில் நாலு பக்கம் என்று ஒவ்வொன்றாக நீக்கினேன்.

அப்போதுதான் உங்களை முழுதாகப் படித்தேன். மழைத்தண்ணீர் கலந்த பாலைச் சிரட்டையிலிருந்து கொட்டிவிட்டு, அடுத்த மரத்துக்கு நடக்கும் பெண்ணைப் பற்றி, "அவள் திரும்பிப் பார்க்கவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு படித்த நான் அந்த இடத்தில் ஒரு பக்கம் முழுக்க அழுது எழுதியிருப்பேன். அடிக்கும்போது இது என் கண்ணில் படவே இல்லையே, ஏன்?

புதுப் பிரதியை முதலில் மங்களத்தின் போனில் போட்டேன். எழுத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி இல்லாமல் முதல் கதையைப் படித்தாள்.

"அண்ணே, அவரு போனப்புறம் ஒரு தரம் தொறந்தேன். ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாரே, அதே மாதிரி இருந்துச்சு. மூடி வச்சிட்டேன்." அடுத்த பக்கத்தைத் தள்ளிக்கொண்டே, "இப்ப பழைய மாதிரி பேசுறாரு" என்றாள்.

உங்கள் இரண்டாவது கொப்பி என் மேசையில் இருக்கிறது. விரல் இன்னும் வரி முடிவைத் தேடுகிறது. ஒவ்வொரு கதையையும் முதலில் செல்லம்மாவின் போனில் படிக்கக் கொடுத்த பிறகே வெளியே விடுவேன். நீங்கள் நிறுத்திய இடத்தில் மட்டும் நிறுத்துவேன், மச்சான்.

மங்களத்தின் அண்ணன்,
உங்கள் மச்சான் சண்முகநாதன்