ஆஸ்பத்திரிப் பையோடு மலையேறிய கதை

ஊரப்பாக்கம்,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் சிநேகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் அப்பாவும் நானும் சுகம், என் முழங்காலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும், நீயும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். முதலில் ஒன்று, எதிர்வீட்டு சகுந்தலா குரூப்பில் போட்ட போட்டோவில் நான் மயங்கிக் கிடக்கவில்லை, செத்தும் போகவில்லை, தூங்கினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் யாரும் பிணம் மாதிரிதான் இருப்பார்கள். நீ அழுதுகொண்டே போன் செய்தபோது அப்பா பக்கத்தில் படுத்திருந்தார், விவரம் சொல்ல முடியவில்லை. மாடிவீட்டு ஸ்ரீதேவியின் மகன் லீவு முடிந்து உன் ஊருக்குத் திரும்புகிறான், பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ சிநேகிதர்களோடு மலையேறி ஏரி ஏரியாகப் படம் அனுப்பினாயே, அதைப் பார்த்துத்தான் சகுந்தலாவுக்குப் பித்துப் பிடித்தது. செங்கல்பட்டுக்கு அந்தாண்ட காட்டுக்குள் ஒரு மலை, மேலே ஒன்றைத் தாண்டி ஒன்றாக இரண்டு ஏரி, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்றாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து நான் மருந்துக்கடையைத் தாண்டிப் போனதில்லை. நீயோ அங்கிருந்தே அப்பாவைப் பார்த்துக்கொள்ள, நோயாளிகளைக் கவனிக்கும் வேலை செய்கிற சுப்பிரமணியை ஏற்பாடு செய்துவிட்டு, போயே ஆகணும் என்று மிரட்டினாய். வேற்று ஆள் கையால் இந்த மனுஷன் ஒரு வாய் சாப்பிட மாட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே, நேற்று விடியலில் கதவுக்குப் பின்னாலிருந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். ரயில், ஷேர் ஆட்டோ, அப்புறம் பாறையும் முள்ளுமாக நடை. கூட வந்த ஸ்ரீதேவி வழியெல்லாம் மருமகள் கதை சொன்னாள், மூச்சு வாங்கியது எனக்கு.

முதல் ஏரிக்கரையில் புளிசாதம் எடுக்கலாம் என்று பையைத் திறந்தால் ரப்பர் ஷீட், பெட்ஷீட், அப்பாவின் டயப்பர், ஸ்ட்ரா வைத்த டம்ளர். திடீரென்று ஓடவேண்டி வந்தால் இருக்கட்டும் என்று கட்டி வைத்திருப்பேனே, அந்த ஆஸ்பத்திரிப் பை! “இன்னாடி பொன்னி, மலை ஏற வந்தியா, அட்மிட் ஆவ வந்தியா?” என்று சகுந்தலா சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்கெல்லாம் பறந்துபோயிற்று. அவர்கள் கொண்டு வந்த இட்லியைத்தான் பிட்டுத் தின்றேன். ஏரி அழகுதான், பாறைக்கு நடுவில் கறுத்த தண்ணீர், அல்லிப்பூ, சத்தமே இல்லை. அதுதான் என்னைக் கெடுத்தது, யாருமே கூப்பிடவில்லை. அந்த பெட்ஷீட்டையே விரித்து ஒரு நிமிஷம் முதுகைச் சாய்க்கிறேன் என்றேன். சகுந்தலா இரண்டாவது ஏரிக்குப் போய்க் காலை நனைத்துத் திரும்பி வந்து படமும் எடுத்தபிறகுதான் கண் விழித்தேன். ஸ்ரீதேவி அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்து என்மேல் ஏறிய எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தாளாம். “எழுப்ப மனசு வரலடி, தூங்கட்டும்னு வுட்டுட்டேன்” என்றாள். வெயில் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

என்ன ஆகியிருக்கிறதோ என்று வீட்டு வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம். முகம் மழித்துப் பவுடர் போட்டுக்கொண்டு சுப்பிரமணியோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தார் உங்கப்பா, இடதுகையால். நான் விட்டுப்போன புளிசாத டப்பா வழித்துக் கழுவிக் கிடந்தது. என்னைப் பார்த்து, வாய் கோணினாலும் தெளிவாக, “இன்னா, அதுக்குள்ள வந்துட்ட?” என்றார். வந்ததே எனக்குக் கோபம். நானில்லாமல் அரை நாள் தாங்க மாட்டார் என்றுதானே இத்தனை நாளாகக் கண்ணைத் திறந்தபடியே கிடந்தேன்! ஆனால் சுப்பிரமணி செருப்பு மாட்டும்போது, வர்ற சனிக்கிழமையும் வா அண்ணாத்தே என்று என் வாயே சொல்லிவிட்டது. களைத்துப் போயிருக்கிறேன் குட்டி. போனில் நல்லாத்தான் இருக்கேன் என்று நான் சொன்னால் இனிமேல் அப்படியே நம்பாதே.

நீ தலையை மூடிக்கொண்டு வெளியே போ, மலைக்குத் தனியாகப் போகாதே, கிளம்புமுன் பையைத் திறந்து பார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அந்தப் போட்டோவை அழித்துவிட மறக்காதே. சனிக்கிழமை இரண்டாவது ஏரியைப் பார்த்தே தீருவேன் என்று சகுந்தலாவிடம் சவால் விட்டிருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கு முதல் ஏரியே போதும். பெட்ஷீட்டைத் துவைத்து மடித்து, மலைக்குப் போகும் பையில் வைத்துவிட்டேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
பொன்னி தேவசகாயம்