ஜாஸ்லின் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள்

கோரி,

செத்துப்போன பெண்ணை "வரவில்லை" என்று எழுதி நீக்கிவிட்டார்கள். நலம் கேட்குமுன்பே இதைச் சொல்கிறேன், கோபிக்காதே. உன் முழங்கால் வலி தேவலையா? கலிபோர்னியாக் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

நகரமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு மாணவரை நியமித்து அமைத்த இளைஞர் ஆலோசனைக் குழுவுக்கு நான்தான் கூடத்தைத் தயார் செய்கிறேன். அதில் இருந்த ஜாஸ்லின், பள்ளி முன்னால் சிக்னல் வேண்டுமென்று தீர்மானம் கொடுத்தாள். அதே இடத்தில் லாரி மோதி இறந்தாள். அவள் இருக்கை முன்னால் இருக்கும் பெயர்ப்பலகையை எடுக்க யாரும் சொல்லவில்லை, நானும் வைத்துவந்தேன். கூட்டத்துக்குக் கூட்டம் வருகை எடுக்கும்போது அவள் பெயரைக் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்கள். அந்த மௌனம் என் அறைவரை கூடவே வருகிறது. நேற்று, மூன்று முறை வராததால் இடம் காலி, தீர்மானமும் தள்ளுபடி என்றார்கள்.

"செத்தவ எப்படிம்மா வருவா?" என்றேன்.

"ரூல் அப்படி, அங்கிள்," என்றாள் மாணவத் தலைவி பிரியானா. பிறகு குரல் தணிந்தது. "அவ மைக்கை ஆஃப் பண்ணுங்க. லைட் எரியுது."

நான் அணைக்கவில்லை, அதைத் தொடவே இல்லை.

ஜாஸ்லின் இறந்ததைப் பிரியானா கூட்டக் குறிப்பில் எழுதவேண்டும். வேறொரு பிள்ளை அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரவேண்டும். நகரமன்றம் சிக்னல் போடவேண்டும். அதுவரை பலகையை நான் வைப்பேன். நீ கொஞ்சம் கருவாடு அனுப்பு. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி அவள் பெயரைச் சத்தமாகச் சொல், பதிலுக்குக் காத்திருக்காதே.

பஸ் வந்துவிட்டது.

எபோ