குளியலறையில் கசிவு இல்லை

அன்பு மகள் நூர் ஃபாத்திஹாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பாதியிலேயே கூப்பிட்டுவிடுவாய், அதனால்தான் இந்தக் காகிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் அழு.

போன நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது தண்ணீர் மீட்டரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான். நீ வேலை பார்க்கும் தண்ணீர் ஆபீசுக்கு லட்சக்கணக்கான வீடுகளிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை இப்படித்தான் விவரம் வந்து குவியும், ஒவ்வொரு வீட்டு வழக்கத்தையும் கம்ப்யூட்டர் படித்து வைத்துக்கொள்ளும், வழக்கம் மாறினால் எங்கேயோ கசிவு என்று சொல்லிவிடும் என்று விளக்கினாய். அன்றைக்கு உன் போனில், தண்ணீர் விடாமல் ஓடிய நேரங்களுக்கு விழுந்திருந்த ஐந்து கோடுகளைக் காட்டி, "இது அத்தா தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்குறது, குழாயத் தொறந்து விட்டுட்டுத்தான் எடுப்பாரு, பாருங்கம்மா" என்று சிரித்தவள் நீதான். நானும் சிரித்தேன். அந்த ஐந்து பதினைந்தாகி இருபதானபோது மட்டும் உனக்கு அது கசிவாகத் தெரிந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை, பக்கத்திலேயே இருக்கும் எனக்குப் புரியவே இரண்டு மாதம் ஆயிற்று.

கசிவு இல்லை ஃபாத்திஹா. ஒளு எடுத்ததை அத்தா மறந்துவிடுகிறார். தொழுகைப் பாய் வரைக்கும் போய் நிற்பார், எடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வரும், திரும்பக் குழாய்க்குப் போவார். மதியம் ஒரு லுஹர் தொழுகைக்கு மட்டும் ஆறு தடவை. துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல் சாமானை எண்ணி ஒன்று தவறாதவர், மகளே. இப்பத்தானே எடுத்தீங்க என்றால் கோபப்படுகிறார், பிறகு ஒன்றும் புரியாமல் முழிக்கிறார். ஒரு நாள் தெளிவாக இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகளுக்குச் சொல்லிராதே, வேலைய விட்டுட்டு வந்துருவா" என்றார். எனக்கும், வாயால் சொல்லிவிட்டால் அது நோய் ஆகிவிடும் என்று பயம். அதனால்தான் நீ பைப் வேலை செய்யும் ஹஸ்ருலை அனுப்பியபோது, ஒன்றும் இல்லை என்று தெரிந்தே குளியலறைத் தரையை உடைக்க விட்டேன். அவன் வியர்க்க வியர்க்க உடைத்துப் பார்த்துவிட்டு, "மாமி, பைப்பு நல்லாத்தான்லா இருக்கு" என்றான். உன்னிடம் பைப் மாற்றியாயிற்று என்று பொய் சொன்னேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, நான் மீன் வாங்கப் பாசாருக்குப் போய் வருவதற்குள் அத்தாவைக் காணோம். டத்தோ கிராமாட் முழுக்க, முடிவெட்டும் கடை, தேத்தண்ணிக் கடை, பஸ் நிற்கும் இடம் என்று தேடினேன். லுஹருக்கு இன்னும் நேரம் கிடந்ததால் பள்ளிவாசல் நினைவுக்கே வரவில்லை. அப்போதுதான் உன் மெசேஜ் வந்தது, "அல்ஹம்துலில்லாஹ், காலைலேருந்து கோடே இல்ல, கசிவு நின்னுருச்சும்மா" என்று. ரோட்டோரத்தில் நின்று படித்தேன். உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததே இல்லை. உனக்கு என்ன தெரியும், மறைத்தவள் நான்தானே. கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலுக்கு எதிரே கடை வைத்திருக்கும் நாகூர் மீரான் கூப்பிட்டு, "அக்கா, அண்ணே உள்ள ஒளு எடுத்துக்கிட்டே இருக்காரு, சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் விரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நம் வீட்டு மீட்டரில் இல்லை, அவ்வளவுதான். என்னை நிமிர்ந்து பார்த்து, நீ ஒளு எடுத்துட்டியா என்று கேட்டார்.

அத்தாவை ஆஸ்பத்திரிக்கு அடுத்த மாதம் நாலாம் தேதி கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் கூப்பிட்டால் எனக்கு என்ன கேடு என்கிறார், நீ சொன்னால் கேட்பார். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, லீவு கிடைத்தால் அந்த ஒரு வாரம் மட்டும் வா. மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, மறைத்து நான் பட்டது போதும். நேரத்துக்குச் சாப்பிடு.

இதை எழுதும்போதே குழாய்ச் சத்தம் கேட்கிறது, அஸர் தொழுகைக்கு இது நாலாவது தடவை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். அந்தப் பெட்டியை மட்டும் கழற்றச் சொல்லாதே, தினமும் பார். கோடு நிறைய இருந்தால் அத்தா வீட்டில்தான் இருக்கிறார். கோடே இல்லையென்றால் சந்தோஷப்படாதே, உடனே எனக்குப் போன் பண்ணு.

உன் அம்மா,
ஷஹீதா
டத்தோ கிராமாட், பினாங்கு