ஒன்றரை அடி உயரத் தரை

பாரிஸ்
4-3-1984

அன்பு வைத்தியலிங்கத்துக்கு,

ஹபீப் முகமது எழுதுவது. நானும் சுரையாவும் சுகம்; உன் சுகத்துக்கு துஆச் செய்கிறோம். நீ வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாய். எனக்கு இன்னும் எட்டு மாதம். இருபது வருடமாக ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் அறைதான் எனக்கு உலகம். நம் பக்கம் அப்படி ஒரு சின்ன அறை இருந்தால், திருபுவனை மில்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக்கொடுத்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுவேன்.

கண்ணை மூடினால் தெரிகிறது. பதினாறடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னல் கூடாது, தூசி வரும். தரையை ஒன்றரை அடி உயர்த்த வேண்டும். குளிரில், மெல்லிய இரைச்சலில், எந்திரம் ஏரி நடுவே படகு மாதிரி நிற்கும்.

உன்
ஹபீபு

திருபுவனை
25-3-1984

அன்பு ஹபீபுக்கு,

ஊரோடு வந்துவிடுவேன் என்ற வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். பெரிய சாலைக்குப் பக்கத்தில் என் மனை சும்மா கிடக்கிறது. அதை எடுத்துக்கொள்.

ஒரு சந்தேகம். இங்கே கரண்டு கோபக்கார மாமனார் மாதிரி. திடீரென்று எகிறும், திடீரென்று சொல்லாமல் போய்விடும். உன் எந்திரம் தாங்குமா?

அன்புடன்
வைத்தி

பாரிஸ்
15-4-1984

அன்பு வைத்திக்கு,

மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவே பொறுமையான மாமியார் ஒருத்தி வேண்டும். அவள் பெயர் ஸ்டெபிலைசர். கரண்டு போனால் கால்மணி நேரம் தாக்குப்பிடிக்க பேட்டரி வரிசை. அதற்குத் தனி அறை. குளிர் எந்திரம் இரண்டு. ஒன்று களைத்தால் மற்றது. சுவருக்கு வெளிர்நீலம் அடிக்கலாமா? நேற்று பஸ்ஸில் அதையே நினைத்து இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன்.

உன்
ஹபீபு

திருபுவனை
20-6-1984

அன்பு ஹபீபுக்கு,

உன்னை அசத்தத்தான் இரண்டு மாதம் எழுதவில்லை. அறை எழுந்துவிட்டது! வெளிர்நீலம்தான் அடித்தோம். தரையை நீ சொன்ன அளவுக்கே உயர்த்தியாயிற்று. பதினெட்டு வண்டி செம்மண் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்து, மேலே சிமெண்டு பூசினோம். கொத்தனார் தங்கவேல் தரையில் குதித்துக் காட்டி, “இன்னா வாத்தியாரே, ஆனய கட்டலாம்பா இதுல. ஆத்துல எவ்ளோ வெள்ளம் வந்தாலும் ஒம் மிசினு நனையாது” என்றார்.

மில் மேனேஜர் சிவப்பிரகாசம் இரண்டு தடவை வந்து பார்த்தார். எந்திரம் எந்த மாதம் வரும் என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

அன்புடன்
வைத்தி

பாரிஸ்
8-7-1984

அன்பு வைத்திக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தத் தரை வெள்ளத்துக்காக அல்ல. கால்கள் நட்டு, மேலே பலகைகளைப் பரப்பி, கீழே வெற்றிடமாக விட வேண்டும். குளிர்காற்றும் வயர்களும் அதற்குள்தான் ஓடும். இங்கே அதைப் பொய்த்தரை என்பார்கள். உயர்த்து என்று எழுதிவிட்டு வெற்றிடம் என்று எழுதாதது என் தப்பு.

பொய் அது மட்டும் இல்லை. எந்திரம் எதுவும் நான் கேட்டு வைக்கவில்லை. அதற்கு வழியும் இல்லை. தூக்கம் பிடிக்காதபோது அந்த அறையை வரைவேன். வரைந்தால் ஊரில் இருப்பது போல இருக்கும். நீயும் என்னோடு சேர்ந்து கனவுதான் காண்கிறாய் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு சுரையா, “அந்த மனுசன் மண்ணு சொமந்திருக்காரு, நீங்க காயிதத்துல கோடு போட்டுக்கிட்டு இருந்தீங்களா?” என்று கேட்டாள்.

வெறுங்கையோடு உன் முன்னால் எப்படி வந்து நிற்பேன்?

ஹபீபு

திருபுவனை
5-8-1984

ஹபீபு,

ஒரு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு சிவப்பிரகாசத்திடம் போய், எந்திரம் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். தலைகுனிந்துதான் சொன்னேன். அவர், “மிசினு இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி மில்லே வாங்கும் வாத்தியாரே, வாங்காமயும் போவும். அத ஓட்ட தெரிஞ்ச ஆளு ஒர்த்தர் இருக்காருன்னீங்களே, அவராச்சும் நெசமா?” என்றார்.

நிஜம் என்று சொல்லிவிட்டேன்.

மண்ணைத் தோண்டி எடுத்தாயிற்று. தங்கவேலுக்கு வாய் அடங்கவில்லை. “அன்னிக்கி கொட்ட சொன்ன, இன்னிக்கி தோண்ட சொல்ற. பள்ளிக்கூடத்துலயும் இப்டிதான் அழிச்சி அழிச்சி எழுதுவியா?” என்கிறார். மத்தியானம் அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றேன். நீலச் சுவர்களுக்கு நடுவே, குளத்துக்கு அடியில் நிற்பது போல இருந்தது. நீ கண்ணை மூடிப் பார்த்தது இதைத்தானோ என்று தோன்றியது.

இப்போது தங்கவேல் கேட்கிறார்: பலகைக்கு எத்தனை கால், எத்தனை அடிக்கு ஒன்று, இரும்பா, மரமா? எனக்குத் தெரியாது.

அதைக் கடிதத்தில் எழுதாதே. எழுதினால் மறுபடியும் தப்பாகக் கட்டிவிடுவோம். வந்து காட்டு.

வைத்தி