வலப்பக்கம் மட்டும் காட்டின முகம்

அன்புள்ள மாதவிக்கு,

நீயும் நம்ம பையன் ரிஷியும் சுகமா? நான் இப்போ நல்லா இருக்கேன். வாய்க்குள்ள தையல், பேச முடியல. அதான் போன்லயே கடிதம் எழுதுறேன்.

வீடியோவுல வலப்பக்கம் மட்டும் காட்டுறேன்னு சண்டை போட்டியே, இடக்கன்னம் வீங்கிக் கிடந்துச்சு. வீங்கும்போதெல்லாம் நான் மலேசியா கிளம்பும்போது நீ குடுத்துவிட்ட ஆன்டிபயாடிக் மாத்திரையில ரெண்டு போடுவேன், வடிஞ்சதும் நிறுத்திடுவேன். திரும்ப வரும். போன வாரம் கண்ணுவரைக்கும் ஏறிடுச்சு. இங்க கிள்ளான் டவுன் ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா பல்லைப் பிடுங்கி, தாடையைக் கீறிச் சீழ் எடுத்தாங்க. "பாதியில நிறுத்தி நிறுத்தித்தான் இவ்வளவும் அண்ணே, கண்ணே போயிருக்கும் லா"ன்னு திட்டு வேற.

இப்போ கஞ்சிதான். தினம் வாய்ஸ் அனுப்பு. திட்டினாலும் சரி, கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன்.

கட்டு மாத்தக் கூப்பிடுறாங்க. ரிஷிக்குப் பல் வலின்னியே, வீட்டுல மிச்சம் இருக்குற அந்த மாத்திரையை நீயா அவனுக்குக் குடுத்துடாதே, டாக்டர்கிட்ட காட்டு.

சதீஷ்